மாசிப்பச்சைக்கு அடிப்பக்கம் வெள்ளை

எங்கள் குலசாமிக்குக் கருப்பட்டிப் பணியாரம் பிடிக்கும் என்பது, எனக்கு எட்டு வயது நடக்கும்வரை எங்கள் வம்சத்தில் யாருக்கும் தெரியாது. கிடாயும் சுருட்டும் கேட்டு வாங்கிப் பழகிய கருப்பசாமி அது. முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளுமாக நிற்கும். அப்படிப்பட்ட சாமி ஓர் ஐப்பசி மாலையில், மழை விட்டும் விடாமலும் இருந்த நேரத்தில், எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து பணியாரம் கேட்டது. எல்லாம் பெரியப்பா கொண்டுவந்து வைத்த ஒரு செடியால் வந்தது.

எங்கள் ஊர் சாணார்பட்டிக்குப் பக்கம். கொல்லையில் நின்று தெற்கே பார்த்தால் சிறுமலை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீடு, ஒரே உலை. அந்த உலைக்கு அரிசி அளந்து போடுவது அத்தை. இரண்டு பேருக்கும் மூத்தவள். கணவர் இறந்த பிறகு மகனோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள், வந்த அன்றைக்குச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். அதற்குப் பிறகு அதைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பாள். ஆனால் அவளிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. கேட்டு முடிப்பதற்குள் 'கூடாது' வந்துவிடும்.

அந்த வீட்டிலேயே அதிகமாக வேலை செய்து குறைவாகப் பேசியவள் பெரியம்மா. "சரி மதினி", "ஆகட்டும் மதினி" என்ற இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டிவிடுவாள். பெரியப்பாவும் அவளுக்கேற்ற ஜோடி. யார் என்ன சொன்னாலும் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். ஊரில் அவருக்கு அப்பாவி என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை இன்னும் கொஞ்சம் குறைத்து, விவரம் போதாதவர் என்று வைத்திருந்தார்கள்.

வருடத்தில் ஒரே ஒரு நாள் பெரியம்மா வாய் திறந்து பேசுவாள். மாசி மாதம் சிவராத்திரிக்கு மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவோம். மலையிலிருந்து கட்டுக்கட்டாக மாசிப்பச்சை வரும். அது மலையில் தானாகப் புதராக வளரும் செடி. அதை மாலையாகக் கட்டிச் சாமிக்குப் போட்டு, உறுமி அடித்தால், அந்த வாசத்துக்குச் சாமி வந்து இறங்கும். கல்யாணமாகி வந்த முதல் மாசியிலேயே அது பெரியம்மாவின் மேல் இறங்கிவிட்டதாம். இந்த வீட்டில் பிறந்த பெண் தான் ஒருத்தி இருக்க, வந்தவள் மேல் எப்படி இறங்கலாம் என்று அத்தைக்கு உள்ளுக்குள் மனத்தாங்கல். இருந்தாலும் சாமியிடம் போய் நியாயம் கேட்க முடியுமா? சாமி பேசும்போது வீட்டுக்கு மூத்தவர் எதிரே நின்று, கைகூப்பி, "சரி சாமி" என்று சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அத்தை வாயிலிருந்து 'சரி' வரும் ஒரே நாள் அது.

பேசி முடித்ததும் சாமி மலையேறிவிடும். எல்லா ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மலை சிறுமலை ஒன்றுதான். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு கருப்பசாமி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறிப் போவதாக நினைத்துக்கொள்வேன். அடிக்கடி வராததற்கும் அதுதான் காரணம் என்று நம்பினேன். அவ்வளவு தூரம் யார் நடப்பது?

நயா பைசா புழங்க ஆரம்பித்திருந்த காலம். பெரியப்பா கத்தரிக்காய், தக்காளி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் சந்தைக்குப் போய்வருவார். மலைவாழைத் தார்களைக் குதிரையில் ஏற்றி இறக்கும் மலைக்காரர்கள் அவருக்குப் பழக்கம். ஒருநாள் வண்டியில் வாழைத் தாரோடு ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு கட்டும் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் வேரும் மண்ணுமாக மாசிப்பச்சை.

"ஏண்டா, சாமிக்குப் போடுற பச்சையை வீட்டுல வைக்கலாமாடா?" என்றாள் அத்தை.

"தலைவலிக்குப் பத்துப் போடலாம்னு குதிரைக்காரரு குடுத்தாருக்கா. துணிப்பெட்டியில போட்டு வச்சாப் பூச்சியும் அண்டாதாம்."

"அதுக்காக?"

"துளசியும் சாமிக்குப் போடுறதுதானே" என்றார் பெரியப்பா. எதிர்த்துப் பேசியதாகவே தெரியாத அளவுக்கு மெதுவாகச் சொன்னார். அத்தை வேறு வேலையாக உள்ளே போய்விட்டாள்.

மலைச்செடி எங்கள் ஊர் வெயிலுக்கு நிற்குமா? முதலில் வைத்தது ஒரு வாரத்தில் கருகிப்போனது. பெரியப்பா அசரவில்லை. அடுத்த நடையில் செடியோடு ஒரு சாக்கு மலைமண்ணும் கொண்டுவந்தார். துவைகல்லுக்குப் பக்கத்தில், முருங்கை நிழலில் குழி தோண்டி, மண்ணைக் கொட்டி, செடியை வைத்தார். உச்சி வெயிலுக்கு நான்கு குச்சி நட்டு மேலே பழைய ஓலைப்பாயைக் கட்டினார். சாயங்காலம் பாயை எடுத்துவிடுவார். சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட அவர் இவ்வளவு பார்த்ததில்லை.

"அண்ணே, கொடை பிடிக்க ஒரு ஆளச் சம்பளத்துக்குப் போட்டுருவோமா?" என்று அப்பா கேலி செய்தார். பெரியப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

பெண்பிள்ளையான என்னைச் செல்லமாக அப்பு என்று கூப்பிட்டு, எனக்கு மட்டும் செடியின் சமாச்சாரமெல்லாம் சொல்வார். "செவ்வந்தி எலை மாதிரி இருக்கா? ரெண்டும் ஒறவுதான் போல. ஆனா திருப்பிப் பாரு அப்பு" என்று இலையைத் திருப்பினார். மேலே நல்ல பச்சை. அடிப்பக்கம் திருநீறு பூசியதுபோல் வெள்ளை. விரலால் தடவினால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருந்தது. கசக்கி மோந்தால் வாசம் மூக்கைத் துளைத்துக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறியது.

ஒருவழியாகச் செடி பிடித்துக்கொண்டது. வேரிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் கன்று வெடித்து, என் இடுப்பு உயரத்துக்குப் புதராக நின்றது. பூக்கும் பூக்கும் என்று நான் தினமும் போய்ப் பார்த்தேன். கடைசியில் நுனியில் கேழ்வரகு போலப் பொடிப்பொடியாக ஏதோ வந்தது. "இதான் பூ" என்றார் பெரியப்பா. இதையா சூடிக்கொள்வது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஐப்பசியில்தான், மழை பிடித்துக்கொண்ட ஒருநாள், பெரியம்மா அத்தையிடம் கொஞ்சம் கருப்பட்டி கேட்டாள். பிள்ளைகளுக்குச் சூடாகப் பணியாரம் ஊற்றித் தரலாம் என்று ஆசை.

"இன்னைக்கு என்ன தீவாளியா?" என்றாள் அத்தை.

"சரி மதினி" என்று பெரியம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். பெரியப்பா அப்போது முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். செத்த நேரம் கழித்து எழுந்து போனார். நுனியைக் கிள்ளிவிட்டால்தான் செடி அடர்த்தியாக வளரும் என்று சொல்லிக்கொண்டே ஒரு கை மாசிப்பச்சையை அறுத்து வந்து, அடுப்படி வாசலுக்கு நேராகப் போட்டார். ஈரத்தோடு வாசம் வீடு முழுக்கப் பரவியது.

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அடுத்த கணம் பெரியம்மா முற்றத்தில் நின்றாள். முந்தானையை இழுத்துக் கட்டி, கண்ணைச் செருகி, "டேய்!" என்று ஒரு சத்தம். அத்தை அலறி அடித்துக்கொண்டு வந்து கைகூப்பினாள்.

"பசிக்குதுடா எனக்கு!"

"சாமி, மாசிக்குத்தானே கிடா வெட்டுறது. திடுதிப்புன்னு வந்து கேட்டா நாங்க எங்க போவோம்?"

"கிடா எவனுக்குடா வேணும்? கருப்பட்டிப் பணியாரம் வேணும்டா. பிள்ளைகளுக்கெல்லாம் வயிறாரக் குடுக்கணும். செய்வியா மாட்டியா?"

"சரி சாமி" என்றாள் அத்தை. சாமி மலையேறியது. அத்தை இடுப்புச் சாவியை எடுத்து, சரக்கறையைத் திறந்து, கருப்பட்டிப் பானையை இறக்கினாள். அன்றைக்கு நான் தின்ற பணியாரம் போல் பிறகு எங்கும் தின்றதில்லை.

அதற்குப் பிறகு சாமி எங்கள் வீட்டோடு நெருக்கமாகிவிட்டது. மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த அடுப்படிக் கூரையை மாற்றச் சொன்னது. மாசமாக இருந்த என் அம்மாவைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விடக்கூடாது என்றது. பெரிய அரிவாளை வைத்திருக்கும் சாமிக்கு எங்கள் வீட்டு அடுப்படியைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று எனக்கு வியப்பு. செடியே மலையிலிருந்து வந்துவிட்ட பிறகு சாமிக்கும் நடை மிச்சம்தானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் எனக்குப் பணியார ஆசை தாங்கவில்லை. ஒரு கொத்து மாசிப்பச்சையைப் பறித்து நன்றாகக் கசக்கி, ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் அடுக்கடுக்காகத் தும்மினாள். அவ்வளவுதான். சாமி வரவில்லை.

"என்னத்தா?"

"சாமி வரலையா பெரியம்மா?"

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மாவு பாதியில கெடக்குல்ல. இப்ப எப்படித்தா வரும்?" என்று சொல்லி, மாவுக் கையோடு அந்தக் கொத்தை வாங்கி என் சடையில் செருகிவிட்டாள். சாமிக்கும் மாவு வீணாகக் கூடாது என்ற அக்கறை இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

அத்தைக்குப் பொறுமை தீர்ந்துபோனது. "வருசத்துக்கு ஒருக்கா வந்தாச் சாமி. வாரத்துக்கு ஒருக்கா வந்தா என்னடா அது? சாமி பச்சையை வீட்டுல வச்ச குத்தம்தான் இம்புட்டும். புடுங்கி எறி" என்றாள். பெரியப்பா உடனே எழுந்தார். அவரே மண்வெட்டி எடுத்துக் கொத்தி, வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். எனக்கும் என் தம்பிகளுக்கும் வீட்டில் யாரோ இறந்ததுபோல் இருந்தது. முருங்கையடியில் வெறும் குழி. அதன் பிறகு பெரியம்மா பழையபடி "சரி மதினி"க்குத் திரும்பினாள். அவள் குரல் முன்பைவிடச் சின்னதாகக் கேட்டது.

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் விஷயம் வந்தது. பெரியம்மாவின் ஒரே மகள். எங்கள் பக்கத்துப் பள்ளியில் இருந்த வகுப்புகளையெல்லாம் படித்து முடித்துவிட்டு, வீட்டில் இருந்தாள். மேலே படிக்கத் திண்டுக்கல்லுக்குத்தான் போக வேண்டும். அங்கே நாகல் நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவளுடைய தாய்மாமா, தன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று ஆளனுப்பிப் பார்த்தார். அத்தைக்கு வேறு கணக்கு. அவள் மகன், எங்கள் அத்தான், கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்தார். முறைப்பெண் வீட்டிலேயே இருக்கிறாள். தை பிறந்ததும் பூ வைத்து நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"பிள்ளை படிக்கணும்னு ஆசைப்படுதுக்கா" என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"நீ செத்த நேரம் சும்மா இரு. ஒனக்கு என்ன விவரம் தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனார். அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து, பழைய பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமலே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அத்தான் நல்லவர்தான். எனக்குப் பனங்காய் வண்டி செய்து தருவார். ஆனாலும் அக்கா அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாமியாவது வந்து கேட்காதா என்று நினைத்தேன். செடிதான் இல்லையே.

பூ வைக்கும் நாளும் வந்தது. வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பூ கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒன்றாகிவிட்டதால், பூ வாங்கிவரும் வேலை பெண்ணைப் பெற்ற பெரியப்பாவின் தலையில் விழுந்தது. "திண்டுக்கல்லுல நல்ல மல்லியாப் பாத்து, நடுநடுவுல மரிக்கொழுந்து வச்சுக் கட்டுனதா வாங்கிட்டு வா. வாடிப்போனத வாங்கிட்டு வந்து நிக்காத" என்று அத்தை படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

அவர் வர நேரமாகிவிட்டது. பாய் விரித்து, சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டு முடித்து, நல்ல நேரம் போய்விடப்போகிறது என்று அத்தை தவித்துக்கொண்டிருந்தபோதுதான் வண்டி வந்தது. வாழையிலையால் மூடிய கூடையைப் பெரியப்பா நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். அக்காவைப் பலகையில் உட்கார்த்தினார்கள். பெரியம்மா பின்னால் நின்று அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தை இலையை விலக்கினாள்.

மல்லிகை வாசம் வரவில்லை. அதையெல்லாம் அமுக்கிக்கொண்டு மாசிப்பச்சை வாசம் எழும்பியது.

மல்லிகைச் சரத்தில் மரிக்கொழுந்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மாசிப்பச்சை. அதையும் ஒழுங்காகக் கட்டவில்லை. முடிச்சுகள் ஒவ்வொன்றும் மாட்டுக்கயிற்று முடிச்சு மாதிரி தடித்திருந்தன. டவுன் பூக்கடைக்காரர் இவ்வளவு மோசமாகவா கட்டுவார் என்று எனக்குத் தோன்றியது.

"யாரக் கேட்டுடா எம்பிள்ளைக்குப் பூ வைக்கிறீங்க?"

கூடமே எழுந்து நின்றது. பெரியம்மாவின் கண்கள் செருகியிருந்தன. ஆனால் ஒரு கை மட்டும் அக்காவின் தோளை விடாமல் பிடித்திருந்தது.

"சாமி, நல்ல காரியம்..." என்று அத்தை இழுத்தாள்.

"எதுடா நல்ல காரியம்? பிள்ளை அழுத கண்ணோட பலகையில உக்காந்திருக்கு. அது எம் பேரு சொல்லப் பொறந்த பிள்ளைடா. அதோட தாய்மாமன் வீட்டுல இருந்து படிக்கணும். படிச்சு முடிச்சு, அது வாயால சரின்னு சொன்னப்புறம்தான் பூவு. அதுக்கு முன்னாடி எவனாச்சும் பூவைத் தொட்டீங்க, நான் மலையேற மாட்டேன். இங்கனயே இருந்துருவேன்."

கருப்பசாமி நிரந்தரமாக வீட்டில் தங்குவது என்ற பேச்சு அத்தையை உலுக்கிவிட்டது. இருந்தாலும் அவள் உதடு பிரியவில்லை. அப்போது யாரும் எதிர்பாராமல் அத்தான் எழுந்து கைகூப்பி, "சரி சாமி. படிக்கட்டும் சாமி" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் தெளிந்துபோனது. அதன் பிறகுதான் அத்தை, ரொம்ப மெதுவாக, "சரி சாமி" என்றாள்.

சாமி மலையேறியது. பெரியம்மா துவண்டு விழுந்தாள். அக்கா அவள் மடியிலேயே விழுந்து அழுதாள். அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது.

அக்கா ஆனியில் நாகல் நகருக்குப் போனாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இரட்டைச் சடையும் ரிப்பனுமாக வந்து எங்களுக்கு ஆங்கிலத்தில் எண்ணச் சொல்லிக் கொடுத்தாள். அத்தான் அடுத்த வருடமே நத்தம் பக்கத்தில் அவருக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணோடு சேர்ந்துகொண்டு அத்தைகூடச் சிரிக்கப் பழகிவிட்டாள்.

ஆனால் பூ வைக்க இருந்த அன்று சாயங்காலம் பெரியப்பாவுக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. "மரிக்கொழுந்துன்னுதானே சொல்லிவிட்டேன்? வருசம் பூராச் செடி வளத்தவனுக்கு எலை அடையாளம் தெரியாதா?" என்று அத்தை பொரிந்து தள்ளினாள். "பூக்கடைக்காரரு இதான்னு குடுத்தாருக்கா. நானும் அதுதான்னு நெனைச்சுட்டேன்" என்று அவர் தலையைச் சொறிந்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். விவரம் போதாதவர் என்ற பட்டம் அன்றைக்கு ஊர்முழுக்க உறுதியாகிவிட்டது.

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. எல்லோரும் போன பிறகு, அடுப்படி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம், உதிர்ந்து கிடந்த மாசிப்பச்சை இலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

"பெரியப்பா, இங்க பாருங்க. மரிக்கொழுந்து எலை நூல்நூலா இருக்கும். இது அகலமா இருக்கு. அப்புறம் திருப்பிப் பாக்கணும். அடியில வெள்ளையா இருந்தா இது மாசிப்பச்சை. நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. மறந்துட்டீங்களா?"

பெரியப்பா இலையை வாங்கி, திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆமத்தா. மறந்தே போச்சு. அடியில வெள்ளையா இருந்தா எதுன்னு சொன்ன?"

"மாசிப்பச்சை."

"மாசிப்பச்சை" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் அவரும் சொன்னார். "இனிமே பாத்து வாங்குறேன் அப்பு."

ஒரு பெரிய மனிதருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்ட பெருமையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுப்படிக்குள் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி இருமிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. விறகு ஈரம் போலிருக்கிறது, புகை தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.